மாடல் 100: பேச்சுமூச்சில்லாமல் கிடந்த 1983 மடிக்கணினியைப் பழுதுபார்த்த விவரம்

டான்டி நிறுவனத்தின் டிஆர்எஸ்-80 மாடல் 100 மடிக்கணினிக்கு நான்கு பென்டார்ச் செல் போதும். ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடும். சுவிட்சைத் தள்ளிய கையோடு திரையில் பட்டியல் வந்து நிற்கும். போன முறை எழுதியது விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கும். எழுதியதைச் சேமிக்க வேண்டும் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் எழுதுவதே நேராக நினைவகத்துக்குள்தான். இத்தனையும் 1983-இல், ஒன்றரைக் கிலோவுக்குள், முழு அளவு விசைப்பலகையோடு கிடைத்தது. பழைய கணினிகளில் எனக்கு ஆசை உண்டுதான். ஆனால் இதன் மேல் இருப்பது வெறும் ஆசை இல்லை, மரியாதை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று இவ்வளவு தெளிவாக முடிவெடுத்துச் செய்த கணினிகள் குறைவு.

ஃபோர்ட் வொர்த்தில் ஒரு வீட்டைக் காலி செய்து பொருட்களை விற்ற இடத்தில் எனக்கு ஒன்று கிடைத்தது. டான்டியின் தலைமையகம் இருந்த ஊர் அது. ரேடியோ ஷாக் என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் அப்போது டான்டியுடையவை. விற்றவரின் அப்பா உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டங்களைப் பற்றி எழுதி அனுப்புகிறவராம். உறை, கையேடு, தொலைபேசிக் கம்பி எல்லாம் கூடவே இருந்தன. மேலே மட்டும் "வேலை செய்யாது" என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இந்த வகைக் கணினிக்கு அந்தக் காகிதம் பெரிய தடை இல்லை என்று தெரிந்ததால் யோசிக்காமல் வாங்கினேன்.

திறப்பதற்கு முன்னால் இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் பலதும் அப்போதுதான் புரியும்.

1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 கணினியைக் கையில் எடுத்துப்போகலாம் என்றுதான் விற்றார்கள். எடை 11 கிலோ. 5 அங்குலக் கண்ணாடிக் குழாய்த் திரை, சுவரில் பிளக் இல்லாமல் ஓடாது. 1982-இல் கிரிட் காம்பஸ் வந்தது. இன்றைய லேப்டாப் போலவே மடங்கும், நாசா விண்வெளிக்கே கொண்டுபோனது. ஆனால் விலை 8,150 டாலர். எப்சனின் எச்எக்ஸ்-20 நோட்டுப்புத்தக அளவில் அழகாக இருந்தாலும் திரையில் 20 எழுத்து, 4 வரி மட்டும். அதில் ஒரு பத்தி எழுதிப் படிப்பதே பாடு.

ஜப்பானில் ஆஸ்கி நிறுவனத்தின் கசுஹிகோ நிஷி, அப்போது மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தவர், இதற்கு நடுவில் ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். 40 எழுத்து, 8 வரி காட்டும் எல்சிடி திரை, தட்டச்சு இயந்திரம் போன்ற விசைகள், கடையில் கிடைக்கும் சாதாரண செல். கியோட்டோவின் கியோசெரா நிறுவனம் அதைத் தயாரித்தது. ஜப்பானில் கியோசெரா தன் பெயரிலேயே விற்ற கியோட்ரானிக் 85 சரியாகப் போகவில்லை. அமெரிக்காவில் டான்டி, இத்தாலியில் ஒலிவெட்டி, அப்புறம் என்ஈசி என்று மூன்று நிறுவனங்கள் அதே அடிப்படையில் தங்கள் மாடல்களை வெளியிட்டன. ஒலிவெட்டியின் எம்10-இல் திரையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கலாம். என்ஈசி 8201-இல் விசைகளின் அமைப்பு வேறு. அமெரிக்காவில் ஓடிய குதிரை டான்டியுடையதுதான். 8 கிலோபைட் நினைவகத்தோடு 1,099 டாலர், 24 கிலோபைட் என்றால் 1,399 டாலர். ரேடியோ ஷாக் கடை ஊருக்கு ஊர் இருந்ததும் பெரிய காரணம்.

உள்ளே இருக்கும் 32 கிலோபைட் ரோமில்தான், அதாவது அழியாத நிரந்தர நினைவகத்தில்தான், எல்லாம் அடங்கியிருக்கிறது: பேசிக் என்ற நிரல்மொழி, எழுதுவதற்கான டெக்ஸ்ட், தொலைபேசி வழியாகப் பேசும் டெல்காம், முகவரிக்கு ஒன்று, நாள்குறிப்புக்கு ஒன்று. பில் கேட்ஸ் தன் கையால் பெரும்பகுதி நிரல் எழுதிய கடைசிக் கணினி இது. சுசுகி என்ற ஜப்பானியப் பொறியாளரோடு சேர்ந்து வடிவமைத்ததையும் பிழை திருத்தியதையும் பின்னாளில் ஸ்மித்சோனியன் நேர்காணலில் அவரே பிரியத்தோடு சொல்லியிருக்கிறார். 32 கிலோபைட் என்பது இன்றைக்கு ஒரு சின்னப் படத்துக்கே காணாது. அதற்குள் ஐந்து பயன்பாடுகள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டு வேலை செய்கின்றன. டெக்ஸ்டில் எழுதிய கோப்பை டெல்காம் நேராக எடுத்து அனுப்பும். முகவரிப் பட்டியலும் சாதாரண எழுத்துக் கோப்புதான். அதில் இருக்கும் எண்ணை எடுத்து டெல்காமே டயல் செய்யும்.

பத்திரிகைக்காரர்கள் இதைக் கொண்டாடியது இதனால்தான். எழுத்தை ஒலியாக்கித் தொலைபேசியில் அனுப்பும் மோடம் உள்ளேயே இருக்கிறது, வேகம் 300 பாட். வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து. 600 வார்த்தைக் கட்டுரை இரண்டு மூன்று நிமிடத்தில் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சுவரில் சொருக வழியில்லாத ஓட்டல் அறையிலும் பொதுத் தொலைபேசியிலும், ரிசீவரின் இரண்டு முனையிலும் மாட்டுகிற ரப்பர்க் கிண்ணங்களை வைத்து ஒலி வழியாகவே அனுப்பலாம். ஆட்டம் முடிந்து, மைதானத்து மேடையில் உட்கார்ந்தே எழுதி, பக்கத்து பூத்திலிருந்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம். என்னுடைய கணினியின் பழைய சொந்தக்காரர் பல வருடம் செய்தது அதைத்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

அடியில் நான்கு ஸ்க்ரூ. கழற்றினால் மேல்பாதியும் கீழ்பாதியும் புத்தகம் போல விரியும். நடுவில் கேபிள்கள் இருக்கின்றன, அதனால் மெதுவாகத்தான் திறக்க வேண்டும். மேல்பாதியில் திரையும் விசைப்பலகையும், கீழே தாய்ப்பலகை. முதலில் கண்ணில் பட்டது நான் எதிர்பார்த்த பச்சைதான். பலகையில் நேரடியாகப் பற்றவைத்த 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பாட்டரியின் காலடியில் நீலப்பச்சையும் வெள்ளையுமாகப் பொங்கியிருந்தது.

இந்தக் குட்டி பாட்டரியின் வேலை, பென்டார்ச் செல்லை மாற்றும்போதும் கணினி அணைந்திருக்கும்போதும் நினைவகத்தைக் காப்பது. 8 கிலோபைட் மாடலில் ஒரு மாதம், 32 கிலோபைட் என்றால் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்று கையேடு சொல்கிறது. நாற்பது வருடம் கழித்து அதுதான் எமன். ஒழுகுவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. செம்புத் தடத்தை ஓசையில்லாமல் தின்னும். அதனால் வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால் கட்டரை எடுத்து பாட்டரியின் காலை வெட்டி அப்புறப்படுத்தினேன். காரத்துக்கு மருந்து அமிலம். வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் வைத்தால் லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் வாலைவடி நீரால் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும். காய்ந்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒரு தடம் கறுத்து நடுவில் அறுந்திருந்தது. மல்டிமீட்டரும் அதையே சொன்னது. மேல்பூச்சைச் சுரண்டி, இரண்டு முனையிலும் ஈயம் வைத்து, மெல்லிய கம்பியால் பாலம் போட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கணினிக்கு முழுமையான பழுதுபார்ப்புக் கையேடு உண்டு. சுற்றுப்படம், ஒவ்வொரு கெப்பாசிட்டரின் எண், அளவு, எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் ரேடியோ ஷாக் அச்சடித்து விற்றது. இன்றைக்கு அதன் பிரதிகள் சுலபமாகக் கிடைக்கின்றன. விற்ற பொருளைப் பற்றி வாங்கியவருக்கு இவ்வளவும் சொல்லிவிடுகிற பழக்கம் அப்போது சாதாரணம். அந்தக் கையேடு இல்லையென்றால் நான் செய்தது பாதி ஊகமாகத்தான் இருந்திருக்கும்.

உயிர் இல்லாததற்குக் காரணம் அந்த அறுந்த தடம் மட்டும் இல்லை. நான்கு செல்லின் 6 வோல்ட்டிலிருந்து இந்தக் கணினி இரண்டு மின்னழுத்தங்களைத் தயாரிக்கிறது: கூட்டல் 5 வோல்ட், கழித்தல் 5 வோல்ட். முதலாவது சிப்களுக்கு. இரண்டாவது திரைக்கும், வெளியே பேசுகிற சீரியல் இணைப்புக்கும். ஒரு டிரான்சிஸ்டரும் கட்டைவிரல் நகம் அளவு டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து ஆடி உண்டாக்குவதை கெப்பாசிட்டர்கள் சமனாக்கித் தருகின்றன. ஆய்வு மேஜை மின்வழங்கியில் 6 வோல்ட் வைத்து, மின்னோட்டத்தை 200 மில்லியாம்பியரில் கட்டுப்படுத்திக் கொடுத்தேன். சுவிட்சுக்கு அப்பால் 6 வோல்ட் சரியாக வந்தது. கூட்டல் 5 இருக்க வேண்டிய இடத்தில் 3-க்கும் கீழே. கழித்தல் 5 இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆடவேண்டிய சுற்று ஆடத் தொடங்கி நின்றுவிடுகிறது என்று அர்த்தம். குற்றவாளிகள் மின்பகு கெப்பாசிட்டர்கள்தான்.

அவற்றைப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது. உப்பவில்லை, வெடிக்கவில்லை. ஆனால் சால்டரிங் அயர்னை ஒன்றின் காலில் வைத்ததும் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை வந்தது. உள்ளே இருந்த திரவம் ரப்பர் அடைப்பின் வழியாகக் கசிந்து காலைச் சுற்றி உறைந்திருக்கிறது, சூடு பட்டதும் ஆவியாகிறது. இந்த வாடை வந்துவிட்டால் அளந்து பார்க்கத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, எல்லா மின்பகு கெப்பாசிட்டரையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஒன்றிரண்டை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வருடம் மறுபடி திறப்பதில் அர்த்தமில்லை.

கழற்றுவதில் பொறுமை வேண்டும். கசிந்த திரவம் பழைய ஈயத்தை மங்கலாக்கிவிடுவதால் அது சீக்கிரம் உருகாது. உருகவில்லையே என்று அயர்னை அழுத்திக்கொண்டே இருந்தால் பலகையிலிருந்து செம்பு வட்டம் பெயர்ந்து வந்துவிடும். முதலில் ஈயம் நன்றாக உருகி ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ், பிறகு கொஞ்சம் புது ஈயம் சேர்த்து இரண்டும் கலக்கவிட்டு, அதற்கப்புறம் உறிஞ்சி எடுத்தால் கால் தானாகக் கழன்று வரும். ஒவ்வொன்றையும் எடுத்ததும் ஆல்கஹாலால் அந்த இடத்தைத் துடைத்துவிட வேண்டும். புதியதற்கு 105 டிகிரி தாங்குகிற வகையை எடுத்தேன். மைக்ரோஃபாரட் அளவு அதேதான், வோல்ட் அளவு அதே அல்லது கொஞ்சம் கூடுதல். உயரம் முக்கியம். பெட்டி தட்டையானது என்பதால் பெரிய கெப்பாசிட்டர்கள் இதில் படுத்துத்தான் கிடக்கின்றன. புதியதையும் காலை மடித்துப் படுக்கவைத்தால்தான் மேல்மூடி உட்காரும். கழற்றுவதற்கு முன்னால் எடுத்த படங்கள் கூட்டல் முனை எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க உதவின.

மறுபடி 6 வோல்ட் கொடுத்தேன். கூட்டல் 5.0. கழித்தல் 5.0. இழுக்கிற மின்னோட்டம் 60 மில்லியாம்பியருக்குப் பக்கத்தில். இவ்வளவு குறைவாக இழுப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சிப்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் வகை என்பது. செயலியே 80சி85. தமிழ்நாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் போதும். மைக்ரோபிராசஸர் லேபில் பதினாறு அடிமான எண்களை ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் 76 போட்டு நிறுத்தி, இரண்டு எண்ணைக் கூட்டிய அதே 8085-இன் சிமாஸ் தம்பி. பலகையின் படத்தைக் கோவையில் இருக்கும் கல்லூரி நண்பனுக்கு அனுப்பினேன். உடனே குரல்பதிவு வந்தது. "டேய், இது நம்ம லேப் கிட்ல இருந்த ஆளுதானடா? இவன வச்சு லேப்டாப்பே பண்ணியிருக்கானுங்களா?" ஆமாம்டா, அதுவும் நம்மைவிட முன்னாலேயே என்று பதில் போட்டேன்.

கடிகார வேகத்தையும் கவனியுங்கள். 2.4576 மெகாஹெர்ட்ஸ். ஏன் நேராக 2.5 இல்லை? 24,57,600-ஐ 256-ஆல் வகுத்தால் 9,600. தொலைபேசி, சீரியல் இணைப்புகளின் வேகங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த எண்ணிலிருந்து மீதியில்லாமல் வகுபட்டு வந்துவிடும். அந்த வேகங்களுக்கென்று தனியாக இன்னொரு கடிகாரப் படிகம் வேண்டாம். அந்தப் பலகையில் இப்படிப்பட்ட சிக்கனம் இடத்துக்கு இடம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போது வடிவமைத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருந்தது.

மின்னழுத்தம் சரியானதும் திரை முழுதும் குப்பை எழுத்து வந்தது. வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த நினைவகத்தில் என்ன இருக்குமோ அதைக் கோப்பு என்று நம்பிப் படிக்க முயல்கிறது. கண்ட்ரோல், பிரேக் விசைகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்க ரீசெட் பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கும். அழுத்தினேன். பட்டியல் வந்தது. ஐந்து பெயர், மேலே தேதியும் நேரமும், மைக்ரோசாஃப்டின் பெயர், கீழே 21446 பைட் காலி என்ற வரி.

அந்த எண் முக்கியமானது. என்னுடைய கணினியில் நான்கு நினைவகத் தொகுதிகள், மொத்தம் 32 கிலோபைட். அப்படியானால் 29638 என்று வர வேண்டும். கழித்துப் பாருங்கள், சரியாக 8192 குறைகிறது, அதாவது ஒரு தொகுதி. ரோம் நினைவகத்தை மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டு வந்து, பதில் வராத இடத்தில் நிறுத்திவிடும். ஆக கடைசித் தொகுதிதான் பேசவில்லை. இந்தத் தொகுதிகள் ஒவ்வொன்றும் பீங்கான் தகட்டின் மேல் நான்கு சின்ன சிப்களை வைத்துச் செய்தவை. முதலாவது பலகையோடு பற்றவைத்தது, மற்றவை சாக்கெட்டில். கடைசியைச் சாக்கெட்டிலிருந்து எழுப்பி, கால்களைத் துடைத்து, தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் மருந்து அடித்து மறுபடி அழுத்தினேன். 29638. கணினி தன் நோயைத் தானே எண்ணால் சொல்லிவிட்டது. இதற்காகத் தனியாக எந்தச் சோதனை நிரலும் ஓட்டவில்லை.

திரையில் இன்னொரு கோளாறு மிச்சம் இருந்தது. வலது ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, மேல் நான்கு வரிகளில் மட்டும், ஒரு பட்டை வெறுமையாக இருந்தது. திரையில் 240-க்கு 64 புள்ளிகள். அவற்றை ஹிட்டாச்சியின் ஹெச்டி44102 சிப்கள் பத்து சேர்ந்து இயக்குகின்றன. மேலே ஐந்து, கீழே ஐந்து, ஒவ்வொன்றும் அகலத்தில் 50 புள்ளி, உயரத்தில் 32. வெறுமையான பட்டையின் அகலத்தை எழுத்துகளால் எண்ணினால் எட்டு எழுத்துக்குச் சற்று மேல். ஓர் எழுத்துக்கு 6 புள்ளி என்பதால் கணக்கு 50-க்கு ஒத்துப்போகிறது. எனவே ஒரே ஒரு சிப், மேல்வரிசையில் நான்காவது. சிப் செத்திருக்கலாம், அல்லது அதைத் தேர்ந்தெடுக்கும் கம்பி விட்டிருக்கலாம். பூதக்கண்ணாடியில் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வட்ட விரிசல் தெரிந்தது. கொஞ்சம் ஃப்ளக்ஸ் வைத்து அயர்ன் நுனியால் தொட்டதும் பட்டை நிரம்பியது.

விசைப்பலகைக்கு அதிக நேரம் ஆகவில்லை. சில விசைகள் அழுத்தினால் பேசவில்லை. மூடியைக் கழற்றித் தொடுமுனை மருந்தை ஒரு சொட்டு விட்டு நிறைய முறை அழுத்தியதில் எல்லாம் சரியாகிவிட்டன. இந்த விசைகளில் தட்டுவது தனிச் சுகம். ஆழமாகப் போகின்றன, ஒரே சீராக எழும்புகின்றன.

வெட்டி எடுத்த பாட்டரிக்குப் பதிலாக 3.6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டு ஒன்றை வைத்தேன். பலகையிலேயே பற்றவைக்காமல் கம்பி கொடுத்துக் கொஞ்சம் தள்ளி, இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினேன். இன்னொரு நாள் அதுவும் ஒழுகினால் பலகைக்குச் சேதம் வராது. சிலர் வட்ட லித்தியம் செல்லை வைக்கிறார்கள். கணினி ஓடும்போது இந்த பாட்டரியைத் துளித்துளியாகச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும். சார்ஜ் ஏற்கக் கூடாத லித்தியம் செல்லுக்கு அது ஆபத்து. வைப்பதானால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற டையோடு ஒன்று நடுவில் கட்டாயம் வேண்டும்.

நேரம், தேதி, கிழமை மூன்றையும் பேசிக்கில் போய் நாம்தான் சொல்லித்தர வேண்டும். இதில் இருக்கும் என்ஈசி கடிகாரச் சிப்புக்கு வருடம் என்ற ஒன்றே தெரியாது. மாதமும் நாளும் மட்டும் எண்ணும். வருடத்தை நினைவகத்தில் தனியாக வைத்திருக்கிறார்கள், அதன் முன்னால் 19 என்பதை ரோமிலேயே எழுதிவிட்டார்கள். எனவே பட்டியலில் எப்போதும் போன நூற்றாண்டுதான். அதைத் திருத்தச் சின்ன நிரல்கள் கிடைக்கின்றன. நான் போடவில்லை. ரோமில் என்ன எழுதினார்களோ அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

எழுதியதை வெளியே எடுப்பது எப்படி? பின்னால் 25 முனை சீரியல் இணைப்பு இருக்கிறது. குறுக்காகக் கம்பி மாற்றிய நல் மோடம் கேபிள் ஒன்றும், யுஎஸ்பிக்கு மாற்றும் கம்பி ஒன்றும் போதும். டெல்காமில் ஸ்டாட் என்று அடித்து 88என்1இ என்று கொடுக்க வேண்டும். முதல் 8 என்றால் 9,600 பாட், அடுத்த 8 என்றால் எட்டு பிட், பிறகு பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், கடைசி எழுத்து இரண்டு பக்கமும் 'கொஞ்சம் பொறு' என்று சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு. அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிடாதீர்கள். எல்சிடி திரை மேலே உருள நேரம் எடுக்கும், அந்த ஏற்பாடு இல்லையென்றால் உள்ளே வரும் எழுத்துகள் தொலைந்துபோகும். எஃப்4 அழுத்தி டெர்மினலுக்குப் போய், எஃப்3 அழுத்தினால் கோப்பின் பெயர் கேட்கும். அடுத்து அகலம் கேட்கும், அதை வெறுமையாக விட்டு எண்டர் தட்டினால் பத்திகள் உடையாமல் போகும். லினக்ஸ் ஓடும் என் இன்றைய கணினியின் பக்கத்தில் வரி முடிவுக் குறியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுத முடியுமா என்று நண்பனும் கேட்டான். ஓர் எழுத்துக்கு 6-க்கு 8 புள்ளிதான் இடம். 'ஞ'வும் 'ணை'யும் அதில் அடங்காது. பேசிக்கில் புள்ளி வைக்கும் கட்டளை இருப்பதால் தமிழ் எழுத்தைப் படமாக வரையலாம், ஆனால் எழுதுகிற வேகத்துக்கு அது வராது. அதனால் ஆங்கில எழுத்துகளிலேயே ஒலிப்படி அடிக்கிறேன். குறில், நெடில், ல, ள, ழ, ன, ண வேறுபாடுகளுக்கு எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். கோப்பு லினக்ஸுக்கு வந்ததும் ஒரு சின்ன பைத்தான் நிரல் அதை யூனிகோடு தமிழாக்கிவிடும். முதல் சில பக்கங்கள் கண்ணுக்கு உறுத்தின. கை பழகியதும் எட்டு வரிக்கு மேல் தெரியாதது பெரிய உதவியாகத்தான் இருக்கிறது. மேலே எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கும் பழக்கம் குறைந்து, அடுத்த வாக்கியத்துக்குப் போகிறேன். பத்து நிமிடம் விசையைத் தொடாவிட்டால் கணினி தானே அணைந்துவிடும். மறுபடி சுவிட்சை அணைத்துப் போட்டால் பழையபடி வரும்.

மோடத்தை இன்னும் சோதிக்கவில்லை. வீட்டில் செம்புக் கம்பித் தொலைபேசி இல்லை. எதிர்ப்பக்கத்தில் 300 பாட்டில் பதில் சொல்ல இன்னொரு மோடமும், நடுவில் தொலைபேசி நிலையம் போல நடிக்க ஒரு சின்னச் சுற்றும் செய்துதான் பார்க்க வேண்டும். அடுத்து கையில் எடுக்கப்போவது அதுதான்.

வாங்க நினைப்பவர்கள் ஓடுகிற கணினி என்று சொன்னாலும் உள்ளே திறந்து பாட்டரியைப் பாருங்கள். பழையது இன்னும் பலகையில் இருந்தால், கணினி ஓடினாலும் அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். அடியில் நினைவகத்துக்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அணைந்திருந்தால் மேலே உள்ள சுவிட்சை என்ன தள்ளினாலும் ஓடாது, பழுது என்று நினைத்துவிட வேண்டாம். ரொம்ப நாள் எடுத்துவைப்பதானால் அதை அணைத்து, பென்டார்ச் செல்களையும் கழற்றிவிடுங்கள். அடாப்டர் பயன்படுத்தினால் 6 வோல்ட்தான், ஆனால் நடு முனை நெகட்டிவ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் நடு முனை பாசிட்டிவ், அதனால் சொருகுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.